எழுதுதலும் வரைதலும்: ஓவியக் கல்வி வரலாற்றில் படைப்பாற்றலின் இடம்

முன்னுரை

பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் எழுத்துகளைப் பொறிப்பதை மட்டும் குறிக்கவில்லை. மகளிர் கண்ணுக்கு மை எழுதினர். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். மடலேறத் துணிந்த தலைவன் தலைவியின் உருவத்தைக் கிழியில் எழுதி ஏந்திச் செல்வதை அகப்பொருள் மரபு பேசுகின்றது. நாடகக் கணிகையர் கற்றுத் தேர வேண்டியவற்றுள் ஓவிய நூலையும் ஒன்றாக மணிமேகலை குறிப்பிடுகின்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டத்தைத் தாங்கினான். எழுதும் கையும் வரையும் கையும் ஒன்றே என்று கருதிய மரபு நம்முடையது எனலாம்.

பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன. எழுத்து கல்வியாயிற்று, ஓவியம் பொழுதுபோக்காயிற்று. தேர்வு நெருங்கும்போது வேறு பாடத்திற்கு முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது ஓவிய வகுப்பே என்பதை ஆசிரியர் பலரும் அறிவர். ஆயினும், ஓவியம் மாணவரின் படைப்பாற்றலை வளர்க்கும் என்று கல்வியாளர் பலரும் கூறுகின்றனர். எத்தகைய ஓவியக் கல்வி படைப்பாற்றலை வளர்க்கும், எத்தகையது அதனை முடக்கும் என்ற வினாவோ போதிய அளவு எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னை ஓவியப் பள்ளியின் வரலாறு இதற்கு அடிப்படையாக அமைகின்றது. ஐரோப்பாவில் எழுந்த குழந்தை ஓவியச் சிந்தனை, சாந்திநிகேதன் அனுபவம், கோலாலம்பூரில் 1952இல் தோன்றிய புதன்கிழமைக் கலைக் குழு ஆகியவை அதனோடு ஒப்புநோக்கப்படுகின்றன.

கைப்பயிற்சியாகத் தொடங்கிய கல்வி

சென்னையில் ஓவியப் பள்ளி 1850இல் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் ஓவியர் அல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். தனியார் முயற்சியாகத் தோன்றிய அப்பள்ளியைப் பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. கைவினைத் தொழில்களை மேம்படுத்துவதும், தொழிலுக்கும் அரசுப் பணிக்கும் வேண்டிய வரைவாளர்களை உருவாக்குவதுமே இப்பள்ளிகளின் தொடக்கக் கால நோக்கமாக இருந்தன. சென்னைப் பள்ளியில் மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகியவை சிறப்பிடம் பெற்றன. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டதும் அப்பள்ளியில்தான் என்பது அதன் போக்கினை நன்கு உணர்த்தும்.

இப்பள்ளிகளில் ஓவியம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது? இலண்டனில் 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சியை அடுத்து உருவான தென் கென்சிங்டன் முறையின் செல்வாக்கு குடியேற்ற நாடுகளிலும் பரவியது. அம்முறை ஓவியப் பயிற்சியை 23 படிநிலைகளாக வகுத்திருந்தது. மாணவர் முதலில் கோடுகளை வரைவார். பிறகு அச்சிட்ட அலங்கார வடிவங்களைப் பார்த்து வரைவார். அடுத்து ஒளி நிழல் தீட்டுவார். அதன்பின் சுண்ணச் சாந்தில் வார்த்த உருவங்களைப் பார்த்து வரைவார். மாணவரின் சொந்தக் கற்பனைக்கு உரிய இடம் இப்படிகளின் இறுதியில்தான் இருந்தது. பலர் அந்த இடத்தை அடைவதற்கு முன்பே படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிடுவது இயல்பே.

இம்முறையை முற்றிலும் பழிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கைத்தொழில் அறிவு குடும்ப வழியாகவும் குல வழியாகவும் மட்டுமே கைமாறிய சூழலில், விரும்பியவர் சேர்ந்து கற்கக்கூடிய ஒரு பள்ளி தோன்றியது பெரிய மாற்றமாகும். மேலும், பார்த்து வரைதல் ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கமன்று. நம் சிற்ப மரபும் அளவுகளையும் முன்மாதிரிகளையும் கொண்டே கற்பித்தது. சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்பது தமிழ் மக்கள் நன்கறிந்த கருத்து. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பியிடம் பயின்ற இளைஞன் கற்ற அளவுகளைக் கொண்டு நாளை ஒரு படிமத்தைச் செய்யப்போகிறவன். பள்ளியில் பயின்றவனுக்கோ பார்த்து வரைந்த தாளே முடிவான பொருளாயிற்று. பயிற்சி படைப்புக்கு வழியாக அமையாமல் தானே இலக்காகிவிடும்போது சிக்கல் தொடங்குகின்றது.

மாதிரியை மாற்றியோர்

இச்சிக்கலை உணர்ந்தவர்களுள் ஈ.பி. ஹாவெல் குறிப்பிடத்தக்கவர். 1884இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அவர், தென்னிந்தியக் கைவினைகளை நெருங்கி ஆராய்ந்தார். 1896இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றபின், இந்திய மாணவர் ஐரோப்பியப் படங்களையே பார்த்து வரைவது பொருந்தாது என வாதிட்டார். கலைக்கூடத்தில் இருந்த ஐரோப்பியப் படங்களை அகற்றி இந்திய ஓவியங்களைச் சேர்க்க முற்பட்டார். இதற்கு மாணவரிடையேயும் பொதுமக்களிடையேயும் எதிர்ப்பு எழுந்தது. அவருடைய கருத்துக்கு உருவம் கொடுத்தவர் அவனீந்திரநாத் தாகூர். வங்காளப் பாணி என்று அறியப்படும் ஓவிய இயக்கம் இவ்வாறு வளர்ந்தது.

இந்த இயக்கத்தின் பெருமை மறுக்க இயலாதது. ஆயினும் கற்பித்தல் நோக்கில் பார்த்தால், ஒரு மாதிரியின் இடத்தில் மற்றொரு மாதிரி வைக்கப்பட்டது என்றும் கூற இடமுண்டு. கிரேக்கச் சிலையின் வார்ப்பு இருந்த இடத்தில் முகலாயச் சிற்றோவியமும் அஜந்தா உருவமும் வந்தன. காலப்போக்கில் வங்காளப் பாணியும் பலர் கையில் மங்கிய வண்ணமும் நீண்ட விழியும் கொண்ட வாய்பாடாகச் சுருங்கியது.

அதே வேளையில், பார்த்து வரைதல் படைப்பாளியை உருவாக்கியதற்கும் அவ்வியக்கத்திலேயே சான்று உள்ளது. அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க ஹெரிங்ஹாம் அம்மையார் மேற்கொண்ட பணியில் நந்தலால் போஸ் 1909-10இல் பங்குகொண்டார். பழைய ஓவியன் ஒரு கோட்டை எங்கே தொடங்கினான், எங்கே அழுத்தினான், எங்கே விடுத்தான் என்பதை அவர் கையால் பின்தொடர்ந்து அறிந்தார். 1938இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டுக்காக அவர் தீட்டிய படங்கள் அஜந்தாவின் படிகளாக இல்லை. உழவரும் தச்சரும் முழவு கொட்டுவோரும் அவற்றில் விரைந்த, திண்மையான கோடுகளில் எழுந்தனர். ஆகவே படியெடுத்தல் என்ற செயலை விட, எதற்காகப் படியெடுக்கிறோம் என்பதே முதன்மையானது. அறிந்துகொள்வதற்காகப் படியெடுத்தவர் பின்னர் அதனைக் கடந்து சென்றார்.

குழந்தையின் கோடு

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை முளைத்தது. வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சீசெக் 1897இல் சிறுவர்க்கான ஓவிய வகுப்பைத் தொடங்கினார். குழந்தை வரைவது வளர்ந்தோர் ஓவியத்தின் குறைபட்ட வடிவமன்று. அதற்கெனத் தனி இயல்பும் ஒழுங்கும் உண்டு என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவரின் படைப்புகள் 1920இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் கவனம் பெற்றன. ஆனால் அவற்றைக் கண்ட சிலர் ஒரு குறையையும் சுட்டினர். வெவ்வேறு சிறுவர் வரைந்தவை ஒரே பாணியில் அமைந்திருந்தன. சுதந்திரம் அளிக்கிறேன் என்று கூறும் ஆசிரியரின் விருப்பும் வெறுப்பும் கூடக் கண்ணுக்குத் தெரியாத மாதிரியாகிவிடலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் டட்லி நகரப் பெண்கள் பள்ளியில் 1912 முதல் பணியாற்றிய மாரியன் ரிச்சர்ட்சனின் முறை மொழியாசிரியர்க்குச் சிறப்பாகப் பயன்படக்கூடியது. அவர் மாணவியர் முன் எந்தப் படத்தையும் வைப்பதில்லை. ஒரு காட்சியைச் சொற்களால் விவரிப்பார். மாணவியர் கண்களை மூடி அதனை மனத்தில் காண்பர். பிறகு கண்டதை வரைவர். சொல்லிலிருந்து மனக்காட்சியும் மனக்காட்சியிலிருந்து கோடும் பிறந்தன. கலைத்திறனாய்வாளர் ரோஜர் ஃபிரை 1917இல் இப்படங்களை இலண்டனில் காட்சிப்படுத்தினார்.

வியன்னாவில் பயின்று பின்னர் அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தையின் ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்து 1947இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சிட்ட உருவத்திற்குள் வண்ணம் தீட்டும் ஏடுகளை அவர் கடுமையாக எதிர்த்தார். அத்தகைய ஏட்டில் ஒரு நாயை வண்ணம் தீட்டிய குழந்தை, தன்னால் அவ்வளவு நன்றாக நாயை வரைய இயலாது என்று எண்ணத் தொடங்கும். அதுவரை தயக்கமின்றி வரைந்த கை பின்வாங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். வண்ணம் தீட்டல் விரலுக்குக் கட்டுப்பாட்டைத் தரலாம். வரைவதற்கான துணிவை அது தருவதில்லை.

எழுத்திலிருந்து ஓவியத்திற்கு

இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கினார்; 1919இல் அங்குக் கலாபவனம் தோன்றியது. தாம் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர். அறுபது வயதைக் கடந்தபின், 1920களின் நடுப்பகுதியில், தம் கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைக்கலானார். அடித்தல்கள் பறவைகளாகவும் பெயரறியா விலங்குகளாகவும் உருக்கொண்டன. 1927இல் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அவர் பயணம் வந்தபோது உலகம் அவரைக் கவிஞராகவே அறிந்திருந்தது. மூன்று ஆண்டுகளில், 1930இல், பாரிசில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. மறைவதற்குள் அவர் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருந்தார்.

இதனை மேதை ஒருவரின் விந்தையாக மட்டும் கொள்ளுதல் கூடாது. அவர் கைக்கு ஓவியப் பயிற்சி இல்லை. ஆனால் ஓசை ஒழுங்கில் வாழ்நாள் முழுதும் பயின்ற மனம் இருந்தது. அந்த ஒழுங்குணர்வே கோட்டிற்கு இடம்பெயர்ந்தது. ஒரு கலையில் தேர்ந்தவர் மற்றொரு கலையைத் தொடங்கும்போது வெறுங்கையோடு தொடங்குவதில்லை. பழந்தமிழ் ‘எழுதுதல்’ ஒரே சொல்லில் இணைத்து வைத்திருந்த இரண்டும் அவருடைய கையெழுத்துப் படியில் மீண்டும் இணைந்தன.

சென்னை கண்ட திருப்பம்

சென்னைப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்த அவர், அவனீந்திரநாத்திடம் பயின்றவர். எனினும் வங்காளப் பாணியைச் சென்னை மாணவர் மீது சுமத்தவில்லை. நேரில் கண்டு வரைதலுக்கும் உருவ ஆய்வுக்கும் முதன்மை தந்தார். கைவினைப் பள்ளியாக இருந்தது நுண்கலைப் பள்ளியாகவும் மாறலாயிற்று.

அவரிடம் 1936இல் மாணவராகச் சேர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், குடும்பச் சூழலால் வேலைக்குச் சென்று, 25ஆம் வயதில் ஓவியம் கற்க வந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957 முதல் 1967 வரை பள்ளித் தலைவராக இருந்தார். மேலை நவீன ஓவியத்தைப் பின்பற்றாமலும், பழைய இந்தியப் பாணிக்குத் திரும்பாமலும் இக்கால இந்திய ஓவியன் எவ்வாறு தனக்குரிய மொழியைக் காண்பது என்ற வினா அவரை அலைக்கழித்தது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் அவர் தம் விடையைக் கண்டார். சாதகக் கட்டங்கள், எழுத்துப் போன்ற கீற்றுகள், கணக்குக் குறிகள் ஆகியவை அவ்வோவியங்களின் பரப்பை நிறைத்தன. அவ்வெழுத்துகளை வாசிக்க இயலாது; ஆனால் ஓலைச்சுவடியையும் சாதகக் குறிப்பையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை அந்நியமாகவும் தோன்றா.

பணிக்கரின் கல்விச் சிறப்பு அவருடைய மாணவரிடம் வெளிப்படுகின்றது. கே.எம். ஆதிமூலம் கோட்டோவியத்தில் வல்லவரானார். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகள் தமிழ் எழுத்தின் உருவத்தையே புதிதாகக் காணச் செய்தன. எஸ்.ஜி. வாசுதேவ் மரத்தைத் தம் கருப்பொருளாக்கினார், ஆர்.பி. பாஸ்கரன் வேறொரு வழியே சென்றார். இவர்களுள் ஒருவர் படத்தை மற்றவருடையது என்று மயங்க இடமில்லை.

1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் நிறுவப்பட்டது. படங்கள் விற்பனையாகாத காலத்தில் அங்கு வாழ்ந்த கலைஞர், பாத்திக் துணியும் உலோகப் பொருள்களும் செய்து விற்று வாழ்ந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹண்டரின் பள்ளி வளர்க்க விரும்பிய கைவினை, இப்போது சுதந்திரமான ஓவியத்தைத் தாங்கி நிற்கும் தூணாயிற்று. கைத்திறனும் கற்பனையும் பகைகள் அல்ல என்பதற்குச் சோழமண்டலம் கண்கூடான சான்றாகும்.

மலாயாவில் ஒரு புதன்கிழமை

மலாயாவில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. கல்வித்துறையில் கலைக்கல்வி மேற்பார்வையாளராகப் பணியாற்றிய பீட்டர் ஹாரிஸ் 1952இல் கோலாலம்பூரில் புதன்கிழமைக் கலைக் குழுவை அமைத்தார். வாரம் ஒருமுறை கூடி வரைந்த அக்குழுவில் ஆசிரியர்களும் மாணவர்களும் கலை ஆர்வலர்களும் இடம்பெற்றனர். பார்த்து வரைவதைவிடச் சொந்த வெளிப்பாட்டுக்கே அங்கு முதன்மை தரப்பட்டது. பேட்ரிக் இங் கா ஓன், சுல்கிஃப்லி புயோங் ஆகியோர் இக்குழுவில் வளர்ந்தவர்கள். கிரேஸ் செல்வநாயகம், சிவம் செல்வரத்தினம் ஆகிய பெயர்களையும் இக்குழுவினருள் காண்கிறோம். கிரேஸ் செல்வநாயகம் பின்னர் மலாய் சொங்கெட் நெசவுக் கலையைப் பற்றி 1990இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்.

1948இல் பிறந்த சுல்கிஃப்லி புயோங் பள்ளி மாணவராக இருந்தபோதே இக்குழுவிற்கு வந்தவர். 1966இல் அவர் பேஸ்டலில் வரைந்த ‘காகிதக் கப்பல்’ போன்ற படங்களில், தாம் அறிந்த சிறுவர் விளையாட்டுகளையே கருவாகக் கொண்டார். அயல்நாட்டு இயற்கைக் காட்சியை அவர் தேடிச் செல்லவில்லை. பேட்ரிக் இங் 1958இல் தீட்டிய ‘நிலம், நீர், காற்று ஆகியவற்றின் ஆவி’ என்ற படத்தில் நுணுக்கமும் நெருக்கமும் மிக்க உருவ உலகைப் படைத்தார். ஒரே குழுவில் இருந்த இருவர் இத்துணை வேறுபட்டு வரைந்தது அக்கற்பித்தலின் வெற்றியைக் காட்டுகின்றது.

சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே நேரடித் தொடர்பும் உண்டு. 1943இல் அலோர் ஸ்டாரில் பிறந்த சையத் தாஜுதீன், 1967 முதல் 1974 வரை சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் பயின்றார். மாணவராக இருந்த காலத்திலேயே, 1972இல், இராமாயண நிகழ்வுகளைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். இந்தியச் சுவரோவிய மரபின் கோடும் வண்ணமும் மலேசிய ஓவிய உலகிற்கு அவர்வழி வந்து சேர்ந்தன.

வகுப்பறைக்கு வரலாறு கூறுவது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, மாதிரியைப் பயன்படுத்தும் முறை. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மயிலை வரைந்து, அதைப்போல் வரையச் சொன்னால், முப்பது மாணவர் முப்பது மங்கிய படிகளைத் தருவர். மயிலின் கழுத்து எவ்வாறு வளைகிறது, அதன் கால் எங்கே ஊன்றுகிறது என்று கூர்ந்து நோக்கச் செய்து, பின்னர் படத்தை மறைத்துவிட்டு வரையச் சொன்னால், நினைவும் தேர்வும் செயற்படத் தொடங்கும். நந்தலாலின் அஜந்தா அனுபவம் இதனையே உணர்த்துகிறது.

இரண்டாவது, விருப்பம்போல் வரையுமாறு விட்டுவிடுதல் மட்டும் போதாது. வரையத் தெரியாதவனுக்கு வெற்றுத்தாள் சுதந்திரமாகத் தோன்றுவதில்லை, அச்சமாகவே தோன்றும். கருவியைக் கையாளும் பயிற்சியும், தன் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க பொருளும் மாணவர்க்கு வேண்டும். கோலம், தோரணம், கோயில் சிற்பம், பாத்திக், சொங்கெட் எனத் தமிழ் மாணவர் அன்றாடம் காணும் வடிவங்கள் இந்நாட்டில் ஏராளம். புள்ளிகளை வரிசையாக வைத்து அவற்றைச் சுற்றி வளையும் கோட்டில் ஒழுங்கும் உண்டு. புதிதாகப் பின்னும் வாய்ப்பும் உண்டு.

மூன்றாவது, ஓவியம் மொழியாசிரியருக்கும் உரியது. அகப்பாடல்களில் நிலமும் பொழுதும் கருப்பொருளும் செறிந்து கிடக்கின்றன. ஒரு பாடலை இருமுறை வாசித்துக்காட்டி, கண்களை மூடிக் காணச்செய்து, கண்டதை வரையச் சொல்வது ரிச்சர்ட்சன் கையாண்ட முறையின் தமிழ் வடிவமாக அமையும். முல்லைப் பாடலை வரைந்த மாணவன் மாலைப்பொழுதை நண்பகல் வெளிச்சத்தில் தீட்டினால், அவன் எந்த இடத்தில் பாடலைத் தவறவிட்டான் என்பது ஆசிரியருக்கு உடனே புலப்படும். ஒருவன் தேரை வரைய, மற்றொருவன் காத்திருப்பவளை மட்டும் வரைந்தால், இருவரும் பாடலை எவ்வாறு வாசித்தனர் என்பதும் புலப்படும். வினாத்தாள் எளிதில் வெளிக்கொணர இயலாத வாசிப்பு வேறுபாட்டை ஒரு பென்சில் கோடு காட்டிவிடும்.

முடிவுரை

சென்னைப் பள்ளி தொழிலுக்கான கையைப் பயிற்றத் தொடங்கித் தனக்கென ஒரு மொழியைத் தேடும் ஓவியரை உருவாக்கும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கோலாலம்பூரில் வாரம் ஒருநாள் கூடிய சிறு குழு, சில ஆண்டுகளிலேயே ஒன்றற்கொன்று வேறுபட்ட கலைஞர்களை அடையாளம் காட்டியது. பெரிய நிறுவனமும் சிறிய கூட்டமும் ஒருங்கே உணர்த்துவது, கை பழக வேண்டும் என்பதும், பழகிய கைக்குத் தன் சொந்தக் கண்டறிதலைச் செய்ய இடமும் நேரமும் வேண்டும் என்பதுமாகும். முதலாவது மட்டும் இருந்தால் வரைவாளர் உருவாவார். இரண்டாவது மட்டும் இருந்தால் ஆர்வம் விரைவில் வற்றிவிடும்.

ஆதலின் ஓவியக் கல்வியை அளக்கச் சுவரில் ஒட்டப்பட்ட படங்களின் அழகைப் பார்ப்பது போதாது. அவை ஒன்றோடொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் காண வேண்டும். தேர்வுக்காக ஓவிய வகுப்பை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும், மாணவன் தானே ஒன்றைக் கண்டு தானே அதற்கு உருவம் கொடுக்கும் நேரத்தையே விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தமிழாசிரியர்களும் கலையாசிரியர்களும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.